நடுமடிப்பில் மறைந்த பூனைக்குட்டி

வண்ணத்தில் வழுவாத வல்லமையே! வடிவத்தில் பிசகாத பெருந்தகையே! எங்கள் பதிப்பகத்தின் படப் பிரிவைப் பல்லாண்டு பாங்குறப் பேணிய பண்பின் பெட்டகமே! யானைக்குக் கால் நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணிச் சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்பிய அருங்கண்ணே! எவர் எப்படத்தைக் கொணர்ந்தாலும் ஏந்திப் பார்த்து, எட்ட வைத்துப் பார்த்து, இன்முகம் மாறாமல் ‘இன்னொரு தடவை வரைஞ்சு பாருங்களேன்’ என்று திருப்பி அனுப்பிய எங்கள் திடசித்தச் செம்மலே! அன்பு அக்கா அவர்களே!

இன்று பணி நிறைவு காணும் தங்களுக்கு, பதிப்பகப் பணியாளர்கள் அனைவரும் ஒருங்கே கூடி, உள்ளம் நெகிழ்ந்து, உவகை மிகுந்து, ஒளிப்பானேன், ஓரளவு நிம்மதிப் பெருமூச்சும் விட்டு, வாசித்து அளிக்கும் மடல் இது.

‘தாங்கள்’, ‘தங்கள்’ என்று தொடங்கிவிட்டோமே தவிர, தினமும் ஒரே பிளாஸ்கில் தேநீர் பகிர்ந்துகொண்டவரை அப்படி விளிக்கப் பேனா முரண்டு பிடிக்கிறது. ஆகவே இனி ‘நீங்கள்’தான். சட்டம் போட்டு மாட்டும்போது மரியாதைக்கு மேலே உள்ள இரண்டு பத்திகளே தாராளம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு எழுத்துப் பிரிவைச் சேர்ந்த என் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்று அடக்கமாகச் சொல்கிறேன். நானே ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன் என்பது இங்கு எல்லோருக்கும் தெரியும். காரணம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் நான் எழுதிய எந்த வாக்கியமும் முழு உடம்போடு உங்கள் மேசையைத் தாண்டியதில்லை. ஒரு கதைக்காக மழையைப் பற்றி நான்கு பத்திகள் எழுதினேன். இடி இருந்தது, மின்னல் இருந்தது, இலை நுனியில் துளி தொங்கியது. நீங்கள் படத்தை அருகில் வைத்துக்கொண்டு, “மழை பெய்யுதுன்னு படமே சொல்லுதே. அது சொல்லாததை மட்டும் நீங்க சொன்னா போதும்” என்றீர்கள். நான்கு பத்திகளும் போய், ‘குடை எங்கே?’ என்ற இரண்டே சொற்கள் மிஞ்சின. பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் குடையைத் தேடித் தேடியே பிரதிகள் கிழிந்தன, மறுபடி மறுபடி அச்சிட்டோம். அதைக் குறிப்பிடுவது என் கடமை. அந்த நான்கு பத்திகளும் நன்றாகத்தான் இருந்தன என்பதைக் குறிப்பிடுவது என் உரிமை. இன்று இந்த மடலை வெட்ட உங்களுக்கு அதிகாரம் இல்லை. எனவே அக்கா, சாய்ந்து உட்காருங்கள். வாக்கியங்கள் நீளமாகத்தான் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இந்த மடல் இரண்டு விதமாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஒன்றில் உங்கள் நற்குணங்கள் மட்டும் இருந்தன: பொறுமை, பொறுப்பு, நேரம் தவறாமை, இன்னும் எதுகைக்கு ஏற்றபடி எத்தனை வேண்டுமானாலும். மற்றொன்றுதான் இப்போது வாசிக்கப்படுவது. எதை வாசிப்பது என்று சென்ற மாதம் வரை எங்களுக்கே தெரியாது. அது உங்களுக்குப் புரியும். ஆனால் உங்கள் உறவினரும், அச்சகத்தாரும், பக்கத்து அலுவலகத்தாரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பொருட்டு முதலிலிருந்து சொல்கிறோம்.

அவையோரே, படப் புத்தகம் என்றால் எழுத்துக்கு நடுவே நாலு படம் போடுவது என்று நினைத்துக்கொண்டுதான் நாங்களும் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். அக்காதான் கண்ணைத் திறந்துவிட்டார். அவர் படம் பார்க்கும் விதமே தனி. மேசையருகே முட்டி போட்டு, மோவாயை மேசை விளிம்பில் வைத்து, நாலு வயதுப் பிள்ளையின் உயரத்திலிருந்துதான் பார்ப்பார். அலுவலகத்துக்கு முதன்முறை வருகிறவர்கள் ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று நினைத்துத் தேட உதவிக்கு வந்துவிடுவார்கள்.

அக்கா, அந்த மோவாய் உயரத்திலிருந்து நீங்கள் எங்களுக்குக் காட்டிய உலகம் கொஞ்சமா நஞ்சமா! வலப்பக்கத்து ஓரத்தில் ஒரு வால் மட்டும் தெரிய வேண்டும், வாலின் சொந்தக்காரர் அடுத்த பக்கத்தில்தான் இருக்க வேண்டும், புரட்டும் விரலுக்கு அவசரம் வர வேண்டும் என்று கற்றுத்தந்தவர் நீங்கள். ‘தம்பி நன்றாகத் தூங்கிவிட்டான்’ என்று எழுத்து சொல்லும்போது, படத்தில் போர்வைக்குள் கைவிளக்கு எரிய வைத்தவர் நீங்கள். “புத்தகம் பொய் சொல்லுது!” என்று கண்டுபிடித்துக் கத்துகிற பிள்ளைக்குக் கிடைக்கும் வெற்றி, அன்றைக்கு அந்த வீட்டில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. கதையில் ஒரு சொல்லில்கூட வராத நத்தை ஒன்று பக்கத்துக்குப் பக்கம் மூலையில் ஊர்ந்துகொண்டிருக்கும். வாசித்துக் காட்டும் அப்பாவின் கண்ணுக்கு அது படாது. மடியில் இருப்பவர் கண்ணுக்கு மட்டும் படும். “படிக்கத் தெரியாதவங்களுக்கும் இந்தப் புத்தகத்துல ஒரு வேலை இருக்கணும்” என்பீர்கள். அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமைப்பட்டிருக்கிறேன்.

நீங்கள் கண்டிப்பாகத் தடை போட்டது நடுமடிப்புக்குத்தான். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படமாக வரும்போது, நடுவே புத்தகம் மடியும் இடம் படத்தில் ஒரு பட்டையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கே முகம் இருந்தால் மூக்கு போகும். மூவர் நின்றால் நடுவில் நிற்பவர் போவார். “மடிப்பு ஒரு வாய். வச்சதை முழுங்கிடும். அங்க எதையும் வைக்காதீங்க” என்று புதிதாக வரும் ஒவ்வொரு ஓவியரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவீர்கள். அவர்களும் தலையாட்டிவிட்டு, முதல் படத்திலேயே ராஜாவின் மூக்கை அங்கே கொண்டுபோய் வைப்பார்கள். நீங்களும் திருப்பி அனுப்புவீர்கள்.

இவற்றையெல்லாம் தாண்டி வந்தாலும் புத்தகம் அச்சுக்குப் போய்விடாது. பிடரிப் பரீட்சை இருக்கிறது. இதை அறியாதோர்க்கு: அச்சுக்கு முன், படங்களை நூலால் தைத்து ஒரே ஒரு மாதிரிப் பிரதி செய்வோம். அதை எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் உள்ள பாலர் பள்ளிக்குப் போவோம். டீச்சர் முன்னால் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் காட்டி வாசிப்பார். அக்கா பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளின் பிடரியை மட்டும் பார்ப்பார். முகம் பார்க்க மாட்டார். “முகம் மரியாதைக்காகச் சிரிக்கும். பிடரிக்கு நடிக்கத் தெரியாது” என்பது அவர் கட்சி. பிடரி அசையாமல் நின்றால் பிள்ளை படத்துக்குள் போய்விட்டது என்று பொருள். சாய்ந்தால் எதையோ தேடுகிறது. சொறிந்தால் சலிப்பு. திரும்பிவிட்டால் அந்தப் பக்கம் செத்தது. மறுபடி வரைய வேண்டியதுதான். பரிசு வாங்கிய ஓவியர், பெயர் பெற்ற ஓவியர், முதலாளிக்கு மைத்துனர் முறையாகும் ஓவியர் என்று எவருக்கும் இதில் சலுகை கிடையாது. மூன்றாமவர் இப்போது வேறு தொழில் பார்க்கிறார்.

இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களிலெல்லாம் தலையாயவர் எங்கள் ‘ரப்பர்’. அழித்து அழித்து வரைந்ததில் அந்த இளம் ஓவியருக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. ஒருநாள் ரப்பர் பொறுக்க முடியாமல், “அக்கா, நீங்க ஒரு புத்தகம் வரைஞ்சு காட்டுங்களேன், பாப்போம்!” என்று கேட்டுவிட்டார். நீங்கள் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, கையில் இருந்த முயலின் காதைப் பற்றிப் பேசத் தொடங்கினீர்கள். அன்று முழுக்க அந்த முயலுக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு உறுத்தியது.

விஷயத்தை உங்கள் கணவர்தான் சொன்னார். அவரை நாங்கள் அத்தான் என்றுதான் அழைப்போம். தையற்காரர், பள்ளிப் பிள்ளைகளின் சீருடை தைப்பவர், நாங்கள் அனைவரும் சட்டைப் பிரச்சினை என்றால் ஓடுவது அவரிடம்தான். ஒருநாள் எனக்குக் கை அளவு எடுத்துக்கொண்டே சொன்னார்: “இவ வேலைக்கு வந்ததே ஓவியராத்தான் தம்பி. சொந்தமா ஒரு புத்தகம் வரைஞ்சு எடுத்துட்டு வந்தா. உங்க பழைய முதலாளி அதை அந்தப் பள்ளிக்கூடத்துல வாசிக்கச் சொன்னார். இவ பின்னாடி உக்காந்திருந்தா. பாதியிலயே பிள்ளைங்க எல்லாம் ஜன்னல்ல வந்து உக்காந்த காக்காயப் பாக்கத் திரும்பிடுச்சுங்க. அன்னைக்கு வச்ச பிரஷ்ஷுதான், திரும்ப எடுக்கல. மத்தவங்க படத்தைச் சரி பண்ற வேலையக் கேட்டு வாங்கிக்கிட்டா.”

பிடரிப் பரீட்சை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. உலகத்தில் யாரும் தோற்ற இடத்தில் பள்ளிக்கூடம் கட்ட மாட்டார்கள். நீங்கள் கட்டினீர்கள் அக்கா. அதில் எங்களையெல்லாம் சேர்த்துப் படிக்கவும் வைத்தீர்கள்.

பணி நிறைவுக்கு என்ன பரிசு வேண்டும் என்று நாங்கள் கேட்க வந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கைக்கடிகாரமா, நாற்காலியா, முட்டிக்குத் தோதாக ஏதாவதா என்று ஆளுக்கொன்று சொன்னோம். நீங்கள் மேசை இழுப்பறையைத் திறக்கப் போய், மூடி, மறுபடி திறந்து, யாருக்கும் தெரியாமல் புதிதாக வரைந்து வைத்திருந்த ஒரு கட்டுப் படங்களை எடுத்து வைத்தீர்கள். கட்டைப் பிரிக்கவில்லை.

“எனக்கு ஒரு வகுப்பு வேணும்” என்றீர்கள். “இதை வாசிக்கணும். பின்னாடி நீங்க உக்காரணும். நான் உக்கார மாட்டேன். தேறலைன்னா தேறலைன்னு சொல்லணும்; பிரிவு உபசாரம், பெரியவங்க, பாவம்னு எவனாவது பொய் சொன்னா நான் விழாவுக்கே வர மாட்டேன். தேறலைன்னா அதைப் பத்தி விழாவுல ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரியா?”

தீர்ப்புச் சொல்ல ரப்பரை நீங்களே தேர்ந்தெடுத்தீர்கள். “உன்னோடதைத்தான் நிறைய திருப்பி அனுப்பியிருக்கேன். நீதான் கூசாம சொல்லுவே.” அதைக் கேட்டு ரப்பருக்கு முகம் வெளிறிவிட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழிவாங்க வாய்ப்புக் கிடைத்த மனிதர் இப்படி இளைத்துப்போனதை நாங்கள் எங்கும் கண்டதில்லை.

எங்கள் நிலைமையும் அதுதான். நன்றாக இருந்துவிட்டால் கவலையில்லை. நன்றாக இல்லாவிட்டால்? உங்களிடம் பொய் சொல்ல முடியாது. சொன்னாலும் நீங்கள் எங்கள் பிடரியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். உண்மையைச் சொன்னால், ஒருமுறை உடைந்த மனதை, வழியனுப்பும் வேளையில் மறுபடி உடைத்தவர்கள் ஆவோம். அதனால்தான் மடல் இரண்டு எழுதி வைத்தோம்.

அந்தக் காலைப் பொழுதை இந்த அவை கண்ணால் காண வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். யாரும் கடிகாரம் பார்க்க வேண்டாம்.

பாலர் பள்ளியின் பெரிய அறையில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால், அவர்களுக்கென்று செய்த குட்டி நாற்காலிகளில், முட்டி மார்பில் இடிக்க, நாங்கள். சுவரோரம் அச்சக போர்மேனும் அத்தானும் நின்றார்கள். மாதிரிப் பிரதியைத் தைத்துக் கொடுத்தவர் என்ற முறையில் அத்தானுக்கு அழைப்பு. நீங்கள் உள்ளே வரவே இல்லை அக்கா. வராந்தாவில் பிள்ளைகள் கழற்றிப் போட்டிருந்த சின்னச் செருப்புகளைக் குனிந்து குனிந்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த ஓசை எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

டீச்சர் புத்தகத்தைத் திறந்தார். ஒரு குடும்பம் வீடு மாறுகிறது. அவ்வளவுதான் கதை. அம்மா பாத்திரம் கட்டுகிறார், அப்பா அலமாரியைத் தள்ளுகிறார், அக்காளும் தம்பியும் எதையும் தூக்காமல் எல்லோருக்கும் குறுக்கே நிற்கிறார்கள். எழுத்தில் இவ்வளவுதான் இருந்தது. படத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி இருந்தது. முதலில் பாத்திரத்துக்குள் இரண்டு காது. பிறகு சுருட்டிய பாயின் முனையில் ஒரு மூக்கு. பிறகு அப்பாவின் பூட்ஸுக்குள் முழு உடம்பும், வெளியே வழியும் வாலும். வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. பாயில் இருந்தவர்கள் எல்லோரும் கவனித்தார்கள். மூன்றாவது பக்கத்துக்குள் பிடரிகள் அத்தனையும் அசைவற்று நின்றுவிட்டன. ரப்பர் என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு ரத்தம் கட்டிவிட்டது.

நடுப்பக்கம் வந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே தெரு. இடப்பக்கம் பூட்டிய பழைய வீடு. வலப்பக்கம் சாமான் ஏற்றிக் கிளம்பும் வண்டி. இடையில் பூனைக்குட்டி வண்டியை நோக்கி ஓடி வர வேண்டும். வரவில்லை. தெரு காலியாகக் கிடந்தது.

பிடரிகள் இடம் போயின, வலம் போயின. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின. இத்தனை ஆண்டுப் பரீட்சையில் முதன்முறையாகப் பிள்ளைகளின் முகங்கள் எங்களைப் பார்த்தன. ஒரு பையன் எழுந்து, என்னவோ நாங்கள்தான் வண்டி ஓட்டியது போல, “பூனைக்குட்டிய விட்டுட்டுப் போயிட்டாங்களா?” என்று கேட்டான். அவனுக்கு அடுத்திருந்த குழந்தைக்கு உதடு பிதுங்கத் தொடங்கியது. வராந்தாவில் செருப்புச் சத்தம் நின்றுபோனது.

அக்கா, உண்மையைச் சொல்கிறோம். அந்தக் கணத்தில் நாங்கள் அனைவரும் மனத்துக்குள் மற்ற மடலைத்தான் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டோம்.

அப்போதுதான் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி எழுந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேரே போய், டீச்சர் மடியில் இருந்த புத்தகத்தின் இரண்டு பக்கங்களிலும் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினாள். மூக்கை மடிப்புக்குள் விட்டாள்.

“காது தெரியுது!” என்று கத்தினாள். “இங்கதான் இருக்கு! நடுவுல மாட்டிக்கிச்சு!”

அமுக்கினால் பூனைக்குட்டி வந்தது. கையை எடுத்தால் மறைந்தது. அதன்பிறகு அந்த அறையில் நடந்ததை வாசிப்பு என்று சொல்ல இயலாது. “நானு, நானு!” என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். “மூடுங்க டீச்சர், மறுபடி நான் காப்பாத்தறேன்!” என்று வரிசை கட்டினார்கள். உதடு பிதுக்கிய குழந்தை மட்டும் வரிசையில் நிற்காமல், டீச்சரின் கைக்கு அடியில் புகுந்து முதலில் போய்க் காப்பாற்றியது.

சுவரோரம் அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு போர்மேனிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. “என் தப்புங்க. அவ பூனைய மடிப்புல வரையல, தள்ளித்தான் வரைஞ்சிருந்தா. பிள்ளைங்க துணி தைக்கிறப்போ வளருவாங்கன்னு உள்ள கொஞ்சம் கூடுதலா மடிச்சு விடுவேன். அந்தப் பழக்கத்துல இதையும் தச்சுட்டேன்.”

தைத்து வந்த பிரதியைத் திறந்து, மடிப்பை விரித்து, ஒவ்வொரு பக்கமாக முட்டி போட்டுச் சரிபார்க்காமல் நீங்கள் எதையும் பள்ளிக்கு அனுப்பியதே இல்லை. உங்கள் சொந்தப் புத்தகத்தை மட்டும் நீங்கள் திறந்து பார்க்கவே இல்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. பயம் எப்படி இருக்கும் என்று, உங்கள் மேசை முன்னால் நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நீங்கள் வாசலுக்கு வந்தீர்கள். மடிப்பைப் பார்த்தீர்கள், அத்தானைப் பார்த்தீர்கள். அவர் கூரையைப் பார்த்தார். எங்களிடம் பேசும் அதே குரலில், “இந்தப் பக்கம் தேறலை. மடிப்பு முழுங்கிடுச்சு. மாத்தி வரையணும்” என்றீர்கள்.

இரட்டைப் பின்னல் உங்களை மேலும் கீழும் பார்த்தாள். “மாத்தக் கூடாது” என்றாள். “சும்மாவே தெரிஞ்சா எல்லாரும் பாத்துடுவாங்க. நாங்க காப்பாத்தினாத்தான் அது வண்டில ஏறும். நீங்க யாரு?”

நீங்கள் கையில் இருந்த ஒற்றைச் செருப்பைக் கீழே வைத்தீர்கள். பிறகு, “இதை வரைஞ்சவ” என்றீர்கள். உங்கள் வாயில் அந்தச் சொல்லை நாங்கள் கேட்டதே அன்றுதான்.

மீதிக் கதை எப்படியோ வாசித்து முடிக்கப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே அன்றைக்கும் பறவைகள் வந்து போயின. ஒரு பிடரியும் அந்தப் பக்கம் போகவில்லை. பிள்ளைகள் கலைந்த பிறகு ரப்பர் எழுந்தார். எழுந்தவர் நேரே தீர்ப்பைச் சொல்லியிருக்கலாம். பானையருகே போனார், தண்ணீர் மொண்டார், நிதானமாகக் குடித்தார், வாயைத் துடைத்தார். இத்தனை ஆண்டு காத்திருந்தவருக்கு அந்த உரிமை உண்டு என்று நாங்களும் பொறுத்துக்கொண்டோம்.

“அக்கா” என்றார். “நிஜமாவே ஒரு குறையாவது சொல்லணும்னு ஆசையாத்தான் வந்தேன். தேடித் தேடிப் பாத்துட்டேன். ஒண்ணும் கிடைக்கல.”

நீங்கள் அருகில் இருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்து அழுதீர்கள். நாங்களும் அழுதோம், எழுத்துப் பிரிவு சற்று நீளமாகவே அழுதது. மூச்சு சீராகி நீங்கள் எழுந்தபோது நாற்காலியும் உங்களோடு சேர்ந்து எழுந்தது. அதைப் பிடித்து இழுத்துக் கழற்றியதில் ரப்பரும் அத்தானும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அந்த அறையில் அன்று சிரித்த சிரிப்பு, மார்பில் ஏற்றி வைத்திருந்த பாறாங்கல்லை இறக்கிய சிரிப்பு.

அச்சகத்தில் ஒரு சிக்கல் வந்ததை அவையோருக்கு அறிவிக்கிறோம். “அத்தான் மடிச்ச ஆழத்துக்கு நம்ம மெஷின் மடிக்காது. பூனை முழுசா வெளிய தெரிஞ்சுடும்” என்றார் போர்மேன். ஆகவே, மடிப்பில் எதையும் வைக்காதே என்று காலமெல்லாம் முழங்கிய நீங்களே, பூனைக்குட்டியைச் சரியாக நடுமடிப்பின் வாய்க்குள் கொண்டுபோய் வைத்து, வால் நுனியை மட்டும் இடப்பக்கம் விட்டு, அந்தப் பக்கத்தை மறுபடி வரைந்தீர்கள். “இது என்னக்கா நியாயம்?” என்று ரப்பர் கொதித்தார். “எதை வைக்கணும்னு தெரியற வரைக்கும் வைக்கக் கூடாதுன்னேன்” என்றீர்கள். இப்படி ஒரு பின்குறிப்பு அந்த விதிக்கு உண்டென்று இதற்கு முன் எவரும் கேள்விப்பட்டதில்லை என்பதை இந்த மடல் பணிவுடன் பதிவு செய்கிறது.

புத்தகம் இப்போது அச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறது. எத்தனையோ புத்தகங்களில் எத்தனையோ யானைகளின் கால்களை எண்ணிய உங்கள் பெயர், அவற்றில் ஒன்றிலும் அட்டையில் வந்ததில்லை. இனி உங்கள் நற்குணங்களைத் தனியாக எடுத்துப் பட்டியல் போட வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. எங்கள் எழுத்துப் பிரிவுக்கு அதனால் மிச்சமான அடைமொழிகளை அடுத்து ஓய்வு பெறுவோருக்குப் பயன்படுத்திக்கொள்வோம்.

அக்கா, நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறோம். நீங்கள் எங்கள் மேசைகளைக் கடந்து போகாத காலைகள் எங்களுக்கு வெறுமையாகத்தான் இருக்கும். யாருடைய படத்தையாவது மோவாயால் அளந்துகொண்டு நீங்கள் முட்டி போட்டிருக்கும் இடத்தை நாங்கள் கொஞ்ச நாளைக்குச் சுற்றிக்கொண்டுதான் நடப்போம். ஆனாலும் எங்களுக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம். நீங்கள் வெறும் கையோடு போகவில்லை. நாங்கள் பொய் சொல்ல நேரவில்லை. நீங்கள் பல்லாண்டு மனத்தில் வைத்துப் பூட்டிய அறை திறந்துகொண்டது. அதைத் திறந்தது பிள்ளைகளின் கை.

கண் தெளிந்து, கை நடுங்காமல், முட்டி மடங்கி முட்டி நிமிர்ந்து, அத்தானும் நீங்களுமாக நெடுங்காலம் நலமாக இருங்கள் என்று வாயார வாழ்த்துகிறோம். இதில் எங்கள் சுயநலம் ஒன்று கலந்திருக்கிறது, மறைக்கவில்லை. இன்று முதல் நீங்கள் எங்கள் படப் பிரிவின் தலைவர் அல்லர்; எங்களுக்கு வெளியிலிருந்து படம் தரும் ஓவியர். அதாவது அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவீர்கள். ரப்பர் உங்கள் மேசைக்கு மாற்றப்பட்டுவிட்டார். முட்டி போட்டுப் பார்ப்பார். எட்ட வைத்துப் பார்ப்பார். அவர் இன்முகம் பழகிக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறோம்.

அடுத்த புத்தகம் எது என்றும் எங்களுக்குத் தெரியும். நேற்று அந்தச் சிறுமி தன் அம்மாவை இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். உங்களைத் தேடினாள். நீங்கள் பழைய படங்களைக் கட்டிவைக்கக் கிடங்குக்குப் போயிருந்தீர்கள்.

“புது வீட்ல பூனைக்குட்டி எங்க தூங்கும்?” என்று எங்களிடம் கேட்டாள்.

எழுத்துப் பிரிவினர் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புத்தகம் புது வீட்டு வாசலோடு முடிந்துவிடுகிறது. எங்களுக்குத் தெரியாது என்றோம்.

“அந்தப் பாட்டிக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். சீக்கிரம் வரைந்து கொண்டு வாருங்கள் அக்கா.

உங்கள் மேசையிலிருந்து திரும்பி வந்து, திரும்பி வந்ததால் தேறிய,
எழுத்துப் பிரிவினர், படப் பிரிவினர், அச்சகத்தார்